கீறாமல் விட்ட லேபிள்கள்

போன மாதம் மும்பை செம்பூரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். உல்லாசக் கப்பல்களுக்கு ஆட்களைத் தயார்செய்து அனுப்புகிற பள்ளி. முப்பது பேர் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் தாராவி, வடாலா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள்தான், ஆனால் கேள்வியெல்லாம் ஹிந்தியில் வந்தது. ஒரு பெண் எழுந்து, "சார், பயணிகள் வந்து இந்தக் கப்பலில் நல்ல பர்பன், நல்ல விஸ்கி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும்?" என்றாள். பக்கத்திலிருந்தவன், இப்போது அதற்கெல்லாம் போனிலேயே ஆப் இருக்கிறது, பாட்டில் பெயரைத் தட்டினால் எந்தத் தளம், எந்த பார் என்று காட்டிவிடும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பத்து நிமிடம் பதில் சொன்னேன். நீச்சல்குளத்தை ஒட்டிய பாரில் தேடாதீர்கள், அங்கே பிளாஸ்டிக் தம்ளரும் ஐஸும்தான். தியேட்டர் வாசலிலும் வேண்டாம். கப்பலிலேயே சின்னதான, பாட்டு இல்லாத பார் ஒன்று எங்காவது ஒதுங்கிக் கிடக்கும். உள்ளே பூட்டிய கண்ணாடி அலமாரி இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் கொஞ்சம் மட்டும் மிச்சமிருக்கும் பாட்டிலைக் கேட்காதீர்கள், காற்றுப் பட்டுப் பட்டு அது செத்திருக்கும். புதிதாகத் திறந்ததைக் கேளுங்கள். ஐஸ் வேண்டாம், வேண்டுமானால் நாலு சொட்டுத் தண்ணீர். இதையெல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள்.

அலமாரிக்குள் இருப்பது லேபிளில் எழுதியிருப்பதுதானா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பரமசிவம். கப்பலில் ஷிவா. பிறந்தது தாராவியில், அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் கிட்டங்கி வேலைக்கு வந்தவர். பத்தாவதுக்கு மேல் படிப்பு ஓடவில்லை. மாஹிமில் ஒரு பெர்மிட் ரூமில், அதாவது லைசென்ஸ் வாங்கிய மதுக்கடையில், ஏழு வருடம் வெயிட்டராக இருந்தேன். பிறகு ஒரு ஏஜென்சி மூலம் கப்பல். முதலில் தம்ளர் கழுவினேன், பிறகு குளத்தோரம் பீர் தூக்கினேன், பிறகு கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். ஆறு ஒப்பந்தம் முடிந்ததும் ஆறாவது தளத்திலிருந்த விஸ்கி பாருக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு நாற்காலி மட்டும் உள்ள பார். கப்பலின் நல்ல சரக்கெல்லாம் அங்கேதான் பூட்டியிருந்தது.

அங்கே என்னைக் கொண்டுபோனவர் பார் மேனேஜர் விக்டர். ஐரோப்பாக்காரர், ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நம்மைக் கண்டிக்கும் முன்னால் பக்கத்தில் வந்து, சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையை ஒரு விரலால் நேராக்குவார். பிறகு "மை ஃப்ரெண்ட்" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்தால் அடுத்து கண்டிப்பு வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். மற்றபடி நல்லவர். அம்மா இறந்தபோது எனக்காகக் கேப்டன் வரை போய் விடுமுறை வாங்கித் தந்தவர் அவர்தான்.

அவருடைய முறைகளை இன்றும் மறக்க முடியவில்லை. காலையில் அலமாரியைத் திறந்ததும் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். முதல்நாள் மட்டத்தில் ஒட்டிய மெல்லிய டேப்புக்கும் சரக்குக்கும் இடைவெளி இருக்கக்கூடாது. சாவி யாரிடம், எத்தனை மணிக்கு, கையெழுத்து. மோந்து பார்க்கும்போது வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சாராய நெடி மூக்கை அடைத்துவிடும். பர்பன் என்றால் மக்காச்சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கி, உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைத்தது. வருடம் ஏற ஏற நிறம் கறுக்கும், பன்னிரண்டு வருடச் சரக்கு பால் விடாத கட்டஞ்சாயா மாதிரி இருக்கும். கடைசியாக ஒன்று. பாட்டில் காலியானால் அந்த நிமிடமே லேபிளைக் கத்தியால் குறுக்கே கீற வேண்டும். கீறின பாட்டிலை எண்ணி, எழுதி, உடைப்பதற்கு அனுப்ப வேண்டும். ஏன் கீற வேண்டும் என்று ஒருதடவை கேட்டேன். "லேபிள் முழுசாக இருந்தால் மனிதனுக்கு யோசனை வரும்" என்றார்.

என் தங்கை பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் செல்லத்துரையை நான்தான் கப்பலுக்குச் சேர்த்துவிட்டேன். தாராவியில் ஒரு பை தைக்கும் பட்டறையில் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். கை சுத்தம், வேலை சுத்தம். இரண்டாவது ஒப்பந்தத்திலேயே விக்டர் அவரை என்னிடம் உதவிக்குப் போட்டார். ஒரே கேபினில் மேலும் கீழும் படுத்துக்கொண்டோம். மகன் கார்த்திக் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவன் வரைந்த கப்பல் படத்தை லாக்கர் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார்.

அந்தப் பயணம் நீளமானது. நடுவில் ஒரு துறைமுகத்தில் எங்களுக்கு வரவேண்டிய சரக்கு வந்து சேரவில்லை. அலமாரியில் பன்னிரண்டு வருட பர்பன் தீர்ந்துபோனது. ஆனால் இரண்டு நாள் கழித்து கடல் நடுவே, மத்தியானம் மூன்று மணிக்கு, அமெரிக்க விஸ்கி ருசி பார்க்கும் நிகழ்ச்சி. பன்னிரண்டு நாற்காலியும் முன்கூட்டியே நிறைந்துவிட்டது. அச்சடித்த அட்டையில் ஐந்தாவது கிளாஸ் அந்தப் பன்னிரண்டு வருடச் சரக்கு.

விக்டர் ஸ்டோர் அறைக்கு வந்தார். மூன்று காலி பாட்டில்களைக் கீறுவதற்காக நான் கத்தியை எடுத்திருந்தேன். பெயர்ப் பட்டையை நேராக்கினார்.

"மை ஃப்ரெண்ட், இந்த மூன்றையும் இன்றைக்குக் கீற வேண்டாம்."

எனக்குப் புரிந்தது. புரியாதது போல நின்றேன்.

"அதே ஊரில், அதே கிடங்கில் செய்த இளம் சரக்கு நம்மிடம் நிறைய இருக்கிறது. அதே வீட்டுப் பிள்ளைதான், வயது மட்டும் கம்மி. இரண்டு பாட்டில் போதும். நிகழ்ச்சியை ரத்து செய்தால் என் பெயர் போகும். என் பெயர் போனால் நான் சிபாரிசு செய்தவர்கள் பெயரும் போகும்."

நான் மறுக்கவில்லை. யோசிக்கக்கூட நேரம் கேட்கவில்லை. அவர் போனதும் கதவைச் சாத்தி, புனல் வைத்து, இரண்டு பாட்டிலையும் நானே நிரப்பினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாவது பாட்டில் மிஞ்சியது. மறுநாள் காலையில் செல்லத்துரை அதைப் பார்த்தார். கனமான கண்ணாடி, மரத்தில் கடைந்த மூடி.

"மச்சான், பாட்டில் என்ன அழகா இருக்கு. இது உடைக்கத்தானே போகுது? பேச்சிக்கு எண்ணெய் ஊத்தி வைக்க எடுத்துக்கிடட்டுமா?"

கீறாத பாட்டில் கணக்கில் வராமல் கண்ணில் படுவதைவிட அவர் பெட்டிக்குள் போவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. "எடுத்துக்கிடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

நிகழ்ச்சி அன்று நான் பேசினேன், அவர் ஊற்றினார். ஐந்தாவது கிளாஸுக்கு முன்னால் சாவியை அவரிடம் கொடுத்தேன். நோட்டில் கையெழுத்துப் போட்டு, அலமாரியைத் திறந்து, பாட்டிலை எடுத்து வந்தார். கடைசி நாற்காலியில் ஒரு அமெரிக்கக் கிழவர், பருத்த கைகள். மற்றவர்கள் ஆகா ஓகோ என்றபோது அவர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், அப்படியே கீழே வைத்தார். குடிக்கவில்லை. வெள்ளைத் துணிமேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பார்த்தார். பிறகு செல்லத்துரையைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பாட்டில் எங்கிருந்து வந்தது?"

"நான்தான் சார் அலமாரியைத் திறந்து எடுத்து வந்தேன்" என்றார் செல்லத்துரை, பெருமையாக.

"முப்பது வருடம் நான் பீப்பாய்க் கிடங்கில் வேலை பார்த்தவன். இது பன்னிரண்டு வருடம் இல்லை. ஆறு இருந்தால் அதிகம்."

அவர் கத்தவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு மேலதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். யாரையும் தண்டிக்க வேண்டாம், இனி நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னாராம். ஆனால் சொன்னபிறகு அது அவர் கையில் இல்லை.

அன்று சாயங்காலமே பாதுகாப்பு ஆட்கள் எங்கள் கேபினைச் சோதித்தார்கள். செல்லத்துரையின் லாக்கரில், மகன் வரைந்த படத்துக்குக் கீழே, துண்டில் சுற்றிய அந்தப் பாட்டில். லேபிள் முழுசாக. அவர்களுக்கு அது போதும். நல்ல சரக்கை எங்கோ விற்றுவிட்டு, காலி பாட்டிலில் மட்ட சரக்கை ஊற்றியிருக்கிறான் என்று கதை தானாகவே முடிந்துவிட்டது.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் விக்டர் படிக்கட்டில் நின்றிருந்தார். விரல் என் பெயர்ப் பட்டைக்கு வந்தது.

"மை ஃப்ரெண்ட், நீ உண்மையைச் சொல்லலாம். அப்போது நிரப்பியவன் நீ, ஊற்றியவன் அவன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வீட்டுக்குப் போவீர்கள். நான் சொன்னதாகச் சொல்வாய், நான் இல்லை என்பேன். சொல்லாவிட்டால் ஒருவன் மட்டும் போவான். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

அந்த அறை சின்னது. ஒரு மேசை, பாதுகாப்பு அதிகாரி, மேசைமேல் அந்தப் பாட்டில். செல்லத்துரையை வெளியே நடைபாதையில் நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி கேட்டார்: "இந்தக் காலி பாட்டிலை நீங்கள் கொடுத்ததாக அவன் சொல்கிறான். கொடுத்தீர்களா?"

நான் பாட்டிலைப் பார்த்தேன். கப்பல் ஒருபக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"தெரியாது சார்" என்றேன்.

வேறு எதுவும் கேட்கவில்லை. போகலாம் என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு துறைமுகத்தில் செல்லத்துரையை இறக்கினார்கள். காலை ஏழு மணி. இரண்டு பக்கமும் காவலாளிகள். கையில் ஒரு பை, சட்டைப்பையில் மடித்த கடிதம். அதில் காரணம் என்ற இடத்தில் நேர்மையின்மை என்று எழுதியிருந்தது. நான் இறங்கும் பாலத்தின் மேல்முனையில் நின்றேன். அவர் திரும்பி, "மச்சான், பேச்சிகிட்ட நீங்களே போன் பண்ணிப் பக்குவமா சொல்லிருங்க. நான் சொன்னா அழுவா" என்றார். தலையாட்டினேன்.

நான் தங்கையிடம் சொன்னது இதுதான்: "ஏதோ கம்ப்ளைண்ட் ஆயிருச்சு. என்னால ஒண்ணும் செய்ய முடியல." பக்குவமாகத்தான் சொன்னேன். அதில் பொய்யென்று எடுத்துக்காட்ட ஒரு சொல்லும் இல்லை.

மும்பை ஏஜென்சிகளுக்குள் இந்த மாதிரிச் செய்தி பரவ ஒரு வாரம் போதும். செல்லத்துரை ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். ஒரு இடத்தில் அவர் பெயரைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, கூட வந்தவர்கள் முன்னாலேயே பையைத் திறந்து காட்டச் சொன்னார்களாம். அதோடு நிறுத்திவிட்டார். பழைய பட்டறையும் மூடியிருந்தது. எங்கள் சந்தில் அவருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது, பாட்டில் சோர், பாட்டில் திருடன். பள்ளிக்கூடத்தில் அது கார்த்திக்குக்கும் வந்தது. ஒருநாள் அவன் வாய் கிழிந்து ரத்தத்தோடு வந்து அப்பாவிடம், "நீங்க எடுத்தீங்களா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறான். "எடுக்கலடா" என்றிருக்கிறார். "அப்ப மாமா ஏன் உங்களுக்காக எதுவும் சொல்லல?" அவர் அவன் வாயைத் துடைக்கத் துணி எடுக்கப் போனார். அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

எனக்கு அந்த வருடமே பதவி உயர்வு வந்தது. பதினோரு வருடம் அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கும் நான்தான் பொறுப்பு. பயணிகள் என் பெயரைச் சொல்லித் தேடி வந்தார்கள். கார்த்திக்கின் படிப்பை நான் பார்த்துக்கொண்டேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் என்னை விட்டு நகராமல் வளர்ந்தான். அப்பா இருக்கும் அறைக்குள் போகமாட்டான். தங்கை ஒவ்வொரு தடவையும், "அண்ணே, நீங்க இல்லாட்டி நாங்க தெருவுலதான் நின்னிருப்போம்" என்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

ஓய்வுபெற்று வந்து சில வருடம் கழித்து ஒரு மத்தியானம் வடாலாவுக்குப் போனேன். செல்லத்துரை அங்கே ஒரு உயரமான கட்டடத்தில் வாட்ச்மேன். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூண்டு. எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விக்டர், புனல், இரண்டு பாட்டில், மிச்சம் ஒன்று. நடுவில் ஒரு டெம்போ வந்தது. வெளியே போய் அதன் நம்பரை எழுதிவிட்டுத் திரும்பி வந்தார்.

"நீங்க 'தெரியாது'ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு மச்சான். கதவு தொறந்துதான் கெடந்துச்சு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"பயந்துட்டீங்கன்னு நெனச்சேன். பாட்டில் குடுத்ததைச் சொன்னா உங்களுக்கும் வேலை போயிரும்லா. அதனால நானும் பேசாம இருந்துட்டேன். நம்ம வீட்டுல ஒருத்தராவது கப்பல்ல இருக்கணுமேன்னு." என்னை மறுபடி உட்காரச் சொன்னார். "நெரப்புனதும் நீங்கதானா?"

"ஆமா மாப்பிள்ளை."

"அது எனக்குத் தெரியாது."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். கார்த்திகிட்ட மட்டும் சொல்லுதீங்களா? நான் சொன்னா நம்பமாட்டான். நீங்க சொன்னா நம்புவான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே, மும்பையைத் தாண்டி இருக்கும் கல்யாண் என்ற ஊருக்குப் போனேன். கார்த்திக் அங்கே ஒரு புது ஃப்ளாட் வாங்கியிருந்தான், பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. பெயின்ட் வாசனைக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கண் கலங்கியது. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அப்பா உங்களை அனுப்பினாரா?"

"அவருதான் சொல்லச் சொன்னாரு. ஆனா நான் சொல்லுதது உண்மைடா."

"ரஹ்னே தோ மாமா, விடுங்க. எனக்குப் புரியுது. வீட்டு விசேஷத்துக்கு முன்னாடி நானும் அப்பாவும் பேசிக்கணும்னு அம்மாவும் நீங்களும் நினைக்கிறீங்க. அதுக்காக நீங்க செய்யாத தப்பை உங்க மேல போட்டுக்கணுமா?"

"டேய், என் கையாலதான் நெரப்பினேன். புனல் வெச்சு."

"நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்ல மாமா. இத்தனை வருஷமா பாக்கிறேன்ல?"

மறுபடி சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டான். சொல்லச் சொல்ல அவன் கண்ணில் நான் உயர்ந்துகொண்டே போனேன். எழுதிக் கொடுத்தால் நம்புவானா என்று யோசித்தேன். எனக்குத் தமிழில் மட்டும்தான் இதையெல்லாம் எழுத வரும், அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது.

பால் காய்ச்சிய அன்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் கார்த்திக் என்னை எல்லோருக்கும் முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினான். இந்த வீடே மாமா போட்ட பிச்சைதான் என்றான். பிறகு குரல் கம்ம, "எங்க அப்பா செஞ்சதைக்கூடத் தான் செஞ்சதா சொல்லி, பழியைத் தன் தலையில ஏத்துக்க வந்தாரு. இப்படி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல" என்றான். ஜனங்கள் உச்சுக் கொட்டினார்கள். என் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது நெஜம்" என்று எழுந்தேன். "அது நெஜம். நான்தான்."

பக்கத்திலிருந்தவர்கள் தோளைப் பிடித்து என்னை உட்காரவைத்தார்கள். "போதும் அண்ணாச்சி, மனசைப் போட்டு உழப்பாதீங்க" என்றார் ஒருவர்.

செல்லத்துரை சமையலறை வாசலில் நின்றிருந்தார். மகன் வீட்டு விசேஷத்தில் பந்திக்கு இனிப்பு கொண்டுவரும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். மகன் பேசியது முழுவதும் அவருக்குக் கேட்டிருந்தது. கூட்டம் வழிவிட, மெதுவாக என்னிடம் வந்தார். தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சாப்பிடுங்க மச்சான்" என்றார். "எல்லாரும் பாக்காங்க."